சமூக ஊடகத்தில் சேர்வதா, வேண்டாமா: யாழ்ப்பாணத்தில் புதிதாகத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் நடுத்தர வயதைக் கடந்த பலருடைய முகநூல் கணக்கு அவர்களாகத் திறந்ததன்று. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த மகனோ பெறாமகளோ ஒரு மாலை நேரத்தில் கைத்தொலைபேசியை வாங்கிக் கணக்கைத் திறந்து, ஒரு படத்தையும் போட்டு, உறவினர் பத்துப் பேரை இணைத்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பார். கடவுச்சொல் எதுவென்று கணக்குக்கு உரியவருக்குத் தெரியாது. தான் போடும் பதிவை யார் யார் பார்க்கிறார்கள் என்பதும் தெரியாது. அந்த முடிவை நீங்களே, விபரம் தெரிந்து எடுப்பதற்கு உதவுவதுதான் இக்கட்டுரையின் நோக்கம். சேருங்கள் என்றோ சேராதீர்கள் என்றோ எல்லாருக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது. ஆனால் அங்கே யார் முன்னிலையில் நிற்கப்போகிறோம் என்பதை எண்ணிப் பார்க்காமல் எந்தத் தளத்திலும் சேரக் கூடாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

தேவையை ஒரு வரியில் எழுதிப் பாருங்கள்

முதல் வேலையாக, எதற்காகச் சேர நினைக்கிறீர்கள் என்பதை ஒரு தாளில் ஒரே வரியில் எழுதுங்கள். வரி தெளிவாக அமைந்தால் பாதி முடிவு அதிலேயே கிடைத்துவிடும். ‘ரொறன்ரோவில் இருக்கும் பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கதைக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தால், உங்களுக்கு வேண்டியது வட்ஸ்அப் அல்லது வைபர் போன்ற ஓர் அழைப்புச் செயலி. அதற்கு முகநூல் தேவையில்லை. கோயில் திருவிழாவை வீட்டிலிருந்தே பார்ப்பதுதான் விருப்பம் என்றால், யூடியூப்பில் நேரலை பார்ப்பதற்குக் கணக்கே வேண்டாம். ஊர்ச் செய்தியும் மரண அறிவித்தலும் வேண்டுவோர் பத்திரிகைகளின் இணையத்தளங்களை நேரடியாகத் திறந்து வாசிக்கலாம். பார்ப்பதற்கு மட்டும் என்றால் பல இடங்களில் உறுப்பினராக வேண்டிய அவசியம் இல்லை என்பதைப் புதியவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

விற்பனைக்காகச் சேர நினைப்போரின் கணக்கு வேறு. கோண்டாவிலில் வீட்டிலிருந்து மிளகாய்த்தூளும் மோர்மிளகாயும் ஒடியல்மாவும் செய்து விற்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவருக்கு வரும் ஓடர்களில் பெரும்பாலானவை ஒருவர் சொல்லி மற்றவர் கேட்டு வருபவை. அப்படியானவர் முதலில் வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியை, வீட்டு இலக்கத்தைக் கொடுக்காமல் தனி இலக்கம் ஒன்றில் நிறுவி, பொருள், நிறை, விலை மூன்றையும் படத்துடன் அதிலுள்ள பொருட்பட்டியலில் போட்டு வைப்பது போதுமானது. அதற்குக் கட்டணம் இல்லை. வாங்குவோர் வட்டம் விரிந்து, கேள்விகளுக்கு அன்றன்றே பதில் எழுத வீட்டில் ஒருவருக்கு நேரமும் இருக்கும் என்றால், அதன் பிறகு முகநூலில் ஒரு பக்கம் தொடங்கலாம். பக்கம் என்பது எல்லாரும் பார்ப்பதற்கானது. அதை நடத்துவதற்குத் தனிப்பட்ட கணக்கு ஒன்று இருக்க வேண்டும் என்றாலும், அந்தத் தனிப்பட்ட கணக்கை நெருங்கியவர்களுக்கு மட்டும் தெரியுமாறு மூடி வைத்துக்கொள்ளலாம். கேட்ட விலைக்கு இரண்டு கிழமையாகப் பதில் போடாத பக்கம், பக்கமே இல்லாதிருப்பதைவிட வியாபாரத்தைக் கெடுக்கும்.

வியாபாரிகளுக்கு இன்னொன்று. வாடிக்கையாளரின் பெயரையும் இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்களுக்கு எதிராக வன்முறை நடந்தபோதும், 2019 ஏப்பிரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின்னரும், 2022 ஏப்பிரல் 3ஆம் திகதி பொருளாதார நெருக்கடிக்கு எதிரான போராட்டங்களின்போதும் அரசாங்கம் நாடு முழுவதும் சமூக ஊடகங்களை முடக்கியது. முதல் இரண்டு தடவையும் தடை ஒரு கிழமைக்கு மேல் நீடித்தது. முழு வியாபாரத்தையும் ஒரே செயலிக்குள் வைத்திருந்தவருக்கு அந்த நாட்களில் தன் வாடிக்கையாளரை அழைக்கும் வழிகூட இருந்திருக்காது.

‘எல்லாரும் இருக்கிறார்கள், நான்தான் இல்லை’ என்பது உங்கள் வரியாக இருந்தால் அதையும் நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். பழைய மாணவர் சங்கக் கூட்டம், கோயில் பரிபாலன சபை அறிவித்தல், ரியூசன் வகுப்பு நேரமாற்றம் என்று முன்பு அறிவித்தல் பலகையில் தொங்கியவை இன்று வட்ஸ்அப் குழுக்களுக்குள் போய்விட்டன. வெளியே நிற்பதற்கும் ஒரு விலை உண்டு. ஆனால் அந்த வரியை இன்னும் கொஞ்சம் நீட்டி, எந்தக் குழுவில் வரும் எந்தச் செய்தி உங்களுக்குத் தப்பிப்போகிறது என்று எழுதுங்கள். பெரும்பாலும் ஒரு குழுவோ இரண்டு குழுவோதான் அதில் வரும். நீங்கள் சேர வேண்டிய அளவும் அவ்வளவுதான்.

தளங்களின் தன்மையை அறிந்துகொள்ளுங்கள்

2004இல் தொடங்கிய முகநூல், 2012இல் இன்ஸ்டகிராமையும் 2014இல் வட்ஸ்அப்பையும் வாங்கியது. மூன்றும் இப்போது மெற்றா என்ற ஒரே நிறுவனத்துக்குரியவை. முகநூலில் பிடிக்காமல் இன்ஸ்டகிராமுக்குப் போகிறவர் வீட்டின் இன்னோர் அறைக்குள்தான் போகிறார். மெற்றாவின் வருமானத்தில் மிகப் பெரும் பகுதி விளம்பரத்திலிருந்து வருகிறது. எதைப் பார்த்தீர்கள், எதில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பதை வைத்துத்தான் அந்த விளம்பரம் உங்களிடம் அனுப்பப்படுகிறது. பணம் கேட்காத சேவைக்கு நீங்கள் கொடுப்பது இந்தத் தகவலையும் உங்கள் நேரத்தையும்.

டிக்டொக்கின் தன்மை இதிலிருந்து வேறுபடுகிறது. அங்கே நண்பர் போட்டதைவிட, நீங்கள் எதில் தங்கி நிற்பீர்கள் என்று செயலி கணிக்கிறதோ அதுவே முதலில் வரும். ஆகவே பொதுவில் விடப்படும் காணொளி தெரிந்தவர்களோடு நிற்காது. முன்பின் அறியாதவர்களிடம் போவதற்கென்றே அது அமைக்கப்பட்டிருக்கிறது. குடும்பப் படங்களுக்கு அது ஏற்ற இடம் அன்று.

செய்திகளின் இரகசியம் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். வட்ஸ்அப்பில் 2016 முதல் அனுப்புபவரும் பெறுபவரும் தவிர நிறுவனம்கூட வாசிக்க முடியாதபடி செய்திகள் பூட்டப்பட்டே செல்கின்றன. டெலிகிராமில் இரகசிய உரையாடல் என்று தனியே தெரிவுசெய்தால் மட்டுமே அவ்வகைப் பூட்டு உண்டு. சாதாரண உரையாடலுக்கும் குழுக்களுக்கும் இல்லை. ஆனால் எந்தப் பூட்டும், செய்தியைப் பெற்றவர் திரையைப் படம்பிடித்து இன்னொரு குழுவில் போடுவதைத் தடுக்காது. நம் ஊரில் ஒரு செய்தி வெளியே போகும் வழி பெரும்பாலும் அதுதான்.

யார் முன்னிலையில் நிற்கப்போகிறீர்கள்

பாதுகாப்பு அறிவுரைகள் பெரும்பாலும் அந்நியரைப் பற்றியே எச்சரிக்கின்றன. அந்த எச்சரிக்கை சரியானதே. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒருவருடைய நண்பர் பட்டியலில் இருப்பவர்கள் யார் என்று பாருங்கள்: சித்தப்பா, படிப்பித்த ஆசிரியர், அயல்வீட்டார், அலுவலக மேலதிகாரி, காணி வழக்கில் எதிர்த்தரப்பில் நிற்கும் மைத்துனர், கலியாணப் பேச்சுக்கு முன் பெண்ணின் படங்களைத் தேடிப் பார்க்கும் மாப்பிள்ளை வீட்டார். இங்கே உங்கள் பதிவு போய்ச் சேரும் இடம் ஊர்தான். ஊரில் ஒருவரிடம் சொல்வதை மற்றவரிடம் சொல்லாமல் இருக்க முடியும். முகநூலில் எல்லாரும் ஒரே மண்டபத்தில் இருக்கிறார்கள். எனவே இரண்டாவது தாளில், உங்கள் பதிவைப் பார்த்தால் உங்களுக்குச் சங்கடம் தரக்கூடிய ஐந்து பேரின் பெயரை எழுதுங்கள். அவர்களை நண்பராக ஏற்காமல் இருக்க உங்களால் முடியுமா? உறவுமுறை காரணமாக முடியாது என்றால், அத்தளத்தில் நீங்கள் எழுதக்கூடியது அவர்கள் ஐவருக்கும் முன்னால் சத்தமாகச் சொல்லக்கூடியது மட்டுமே. அது போதுமென்று தோன்றினால் சேரலாம்.

உங்களோடு சேர்ந்து உள்ளே போகிறவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சாமத்தியவீட்டுப் படம் ஒன்றை அருகில் வைத்துப் பாருங்கள். கேக்கில் பிள்ளையின் பெயர் எழுதியிருக்கும். பின்னால் அலுமாரியில் பாடசாலையின் பெயர் பொறித்த கேடயம் நிற்கும். வாசலில் எடுத்த படத்தில் படலையும் வீட்டு இலக்கமும் விழுந்திருக்கும். படத்துக்குக் கீழே பெரியம்மா வாழ்த்தும்போது ஊரின் பெயரையும் சேர்த்திருப்பார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்றின் பெயர், வயது, பாடசாலை, முகவரி அனைத்தும் அந்த ஒரே பதிவில் கிடைத்துவிடுகின்றன. அந்தப் பிள்ளையிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் போடாவிட்டாலும் படம் எடுத்தவர்கள் தங்கள் தொழிலுக்கு விளம்பரமாகத் தங்கள் பக்கத்தில் போடக்கூடும். ஆகவே முற்பணம் கொடுக்கும்போதே, படங்களையோ காணொளியையோ எந்தத் தளத்திலும் வெளியிடக் கூடாது என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதைக் கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

வெளிநாட்டில் அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ள உறவினர், கணவனின் வன்முறையிலிருந்து விலகி வேறிடத்தில் வாழும் பெண், தன் இருப்பிடத்தை யாருக்கும் சொல்ல விரும்பாதவர் என்று நம் குடும்பங்கள் பலவற்றில் ஒருவராவது இருக்கிறார். விருந்தில் எடுத்த ஒரு படத்தில் அவருடைய பெயரை இணைத்துவிட்டால் அவர் இத்தனை காலமும் காத்து வந்தது ஒரு நொடியில் வெளியாகும். கைத்தொலைபேசியில் சேமித்துள்ள இலக்கங்களும் இதே வகையைச் சேர்ந்தவை. செயலியை முதன்முறை திறக்கும்போது ‘தொடர்புகளை அணுக அனுமதிக்கவா’ என்று ஒரு கேள்வி வரும். பலரும் வாசிக்காமலே ‘ஆம்’ என்பதைத் தொட்டுவிடுகிறார்கள். முகநூலுக்கு அந்த அனுமதி கொடுக்கப்பட்டால் உங்களிடம் இலக்கம் கொடுத்த அத்தனை பேரின் விபரமும் ஏற்றப்படலாம். யார் யாருக்கு அறிமுகமானவர் என்று நண்பர்களைப் பரிந்துரைப்பதற்கு அது பயன்படுத்தப்படுகிறது. ‘இல்லை’ என்று தொட்டாலும் முகநூல் வேலை செய்யும்.

சட்டம் பற்றிச் சில வார்த்தைகள்

2024 பெப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம், பொய்யான கூற்றுகளை இணையத்தில் வெளியிடுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. அதைவிடப் பழையதான 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், நினைவேந்தல் காலத்தில் முகநூலில் போட்ட படங்களுக்காக வடக்கு, கிழக்கில் இளைஞர்கள் கைது செய்யப்பட்டிருக்கிறார்கள். இது சரியா என்பது வேறு விவாதம். என் வரையில் அது நியாயமன்று. ஆனால் புதியவர் தெரிந்திருக்க வேண்டியது, பகிர்வதும் வெளியிடுவதாகவே கொள்ளப்படலாம் என்பதும், பல ஆண்டுகளுக்கு முன் போட்டதைக்கூட இன்று ஒருவர் தேடி எடுக்கலாம் என்பதும்தான். ஒரு பதிவைப் பகிர்வதானால் அதற்குப் பொறுப்பேற்கும் மனத்துடன் பகிர வேண்டும்.

வெளியேறும் வழியை முன்கூட்டியே பாருங்கள்

கணக்குத் திறப்பதற்கு முன், அதை அழிப்பது எப்படி என்று தேடி வாசியுங்கள். முகநூலில் தற்காலிகமாக முடக்குவது ஒன்று, நிரந்தரமாக அழிப்பது இன்னொன்று. அழிக்கச் சொன்ன பின் 30 நாட்களுக்குள் ஒரு தடவை உள்நுழைந்து மனத்தை மாற்றிக்கொண்டால் அழிப்பு இரத்தாகிவிடும்; அந்த நாட்களில் செயலியைத் திறக்கவே கூடாது. இன்ஸ்டகிராமிலும் அதே 30 நாட்கள். மற்றவர்களுக்கு நீங்கள் அனுப்பிய செய்திகள் அவர்களிடம் இருக்கவே செய்யும்.

நீங்கள் போகாவிட்டாலும் தளம் போகலாம். போர் முடிந்த காலத்தில் நம் வீடுகளில் வெளிநாட்டுப் பிள்ளைகளின் முகத்தைக் காட்டிய ஸ்கைப் 2025 மே மாதத்தில் மூடப்பட்டது. இந்தியாவில் 2020 ஜூனில் டிக்டொக் தடை செய்யப்பட்டபோது அங்குள்ளவர்கள் ஒரே நாளில் தங்கள் இரசிகர்களை இழந்தார்கள். அதனால் இழக்க விரும்பாத படம் எதையும் தளத்தில் மட்டும் வைத்திருக்க வேண்டாம்.

சேர்வதென்று முடிவு செய்தால்

சிம் அட்டை உங்கள் சொந்த அடையாள அட்டையின் பெயரில் இருக்கிறதா என்று முதலில் உறுதிப்படுத்துங்கள். விடுமுறைக்கு வந்த ஒருவர் எடுத்து, போகும்போது விட்டுச்சென்ற சிம்மில் கணக்குத் திறந்தால், பின்பு சிம் தொலையும்போது அதே இலக்கத்தை உங்களால் மீளப் பெற முடியாது. கணக்கும் அதோடு போகும். அடுத்தது மின்னஞ்சல். கைத்தொலைபேசி வாங்கிய கடையில் அவர்களே ஒரு கூகுள் கணக்கைத் திறந்து கொடுப்பது இங்கே வழக்கம். அதன் கடவுச்சொல்லை அறியாதவர்கள், வீட்டில் நம்பிக்கையான ஒருவரை அருகில் இருத்தி, புதிதாக ஒன்றைத் தாங்களே திறந்து, கடவுச்சொல்லைத் தாளில் எழுதி உறுதிப்பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும்.

அதன் பின், கணக்கைத் திறக்க இன்னொரு சான்றையும் கேட்கும் இரட்டை உறுதிப்படுத்தலை இயக்குங்கள். வட்ஸ்அப்பில் இதற்கு நீங்களே ஆறிலக்க எண் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். இது ஏன் முக்கியம் என்றால், இன்று அதிகமாக நடக்கும் மோசடி இதைச் சுற்றியே நடக்கிறது: தெரிந்த ஒருவரின் கணக்கிலிருந்து, ‘தவறுதலாக உங்களுக்கு ஓர் இலக்கம் வந்திருக்கும், அதை அனுப்பிவிடுங்கோ’ என்று செய்தி வரும்; வந்திருப்பது உங்கள் கணக்கை வேறொரு தொலைபேசியில் திறப்பதற்கான குறியீடு. அந்த ஆறிலக்க எண் போடப்படாதிருந்தால், அனுப்பிய மறு நிமிடமே கணக்கு கைமாறும். பிறகு உங்கள் பெயரில், அவசரமாகக் காசு தேவைப்படுகிறது என்று இலண்டனில் இருக்கும் உங்கள் தங்கைக்குச் செய்தி போகும். குறுஞ்செய்தியாக வரும் குறியீட்டை யார் கேட்டாலும், கேட்பவர் பெற்ற பிள்ளையே ஆனாலும், கொடுக்க வேண்டாம்; கேட்டவரைச் சாதாரண அழைப்பில் எடுத்து விசாரியுங்கள். அதே அமைப்புப் பகுதியில், உங்களைக் குழுக்களில் யார் சேர்க்கலாம் என்பதை ‘என் தொடர்புகள்’ என்று மாற்றுங்கள். இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலில் தெரியாத கணினி எதுவும் இருந்தால் வெளியேற்றுங்கள்.

முதல் ஒரு மாதத்துக்கு எதையும் போடாமல் பார்வையாளராகவே இருங்கள். முகப்புப் படமாக ஒரு பூவோ பனையோ இருந்தால் போதும். அந்த மாத முடிவில், தொடக்கத்தில் எழுதிய வரியை எடுத்து, அந்தத் தேவை நிறைவேறியதா என்று பாருங்கள். நித்திரை குறைந்திருக்கிறதா, டேட்டாவுக்கு எவ்வளவு போயிருக்கிறது, யாருடைய பதிவைப் பார்த்த பின் மனம் குழம்புகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தேவை நிறைவேறவில்லை என்றால் கணக்கை அழிப்பதற்கு அதுவே தகுந்த நேரம். ஒன்றும் போட்டிராததால் இழப்பதற்கும் ஒன்றும் இராது.

பிள்ளைகள் கேட்கும்போது

முகநூல், இன்ஸ்டகிராம், டிக்டொக் ஆகியவற்றின் விதிப்படி 13 வயதுக்குக் குறைந்தவர் கணக்கு வைத்திருக்க முடியாது. அவுஸ்திரேலியாவில் 2025 டிசெம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தோர் பெரிய தளங்களில் கணக்கு வைத்திருக்க முடியாதபடி சட்டம் வந்துவிட்டது. அங்குள்ள மச்சான் மச்சாள் பிள்ளைகள் அதைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். வயதைக் கூட்டிப் போட்டுக் கணக்குத் திறக்கப் பெற்றோரே உதவுவது பெரும் தவறு. பிள்ளைக்குப் பிரச்சினை நேரும்போது சொல்ல முடியாத நிலையை அது உருவாக்கிவிடுகிறது. ஏனெனில் பொய்யில் பெற்றோருக்கும் பங்கு இருக்கிறது. படத்தை வைத்து யாராவது மிரட்டினால் செய்திகளை அழிக்காமல் வைத்திருந்து, பிள்ளைகள் தொடர்பாக 1929 என்ற தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கத்துக்கும், பெண்கள் 1938 என்ற உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். மிரட்டுபவருக்குக் காசு கொடுத்தால் மிரட்டல் நிற்காது. பிள்ளையைத் திட்டுவதை அன்று மட்டுமாவது தள்ளி வையுங்கள்.

சேர்வதில்லை என்று முடிவு செய்தால்

சேராதவர் செய்ய வேண்டியதும் சிறிது உண்டு. உங்களை எப்படித் தொடர்புகொள்வது என்பதை வெளிநாட்டு உறவுகளுக்கும் சங்கங்களுக்கும் தெரியப்படுத்துங்கள்: எந்த இலக்கம், எந்த நேரம், அழைப்பா குறுஞ்செய்தியா என்று. உங்கள் பெயரில் முன்பே யாராவது கணக்குத் திறந்திருக்கிறார்களா என்று பிள்ளைகளைக் கொண்டு தேடிப் பாருங்கள். இருந்தால் அந்தத் தளத்திடமே முறைப்பாடு செய்து அகற்றலாம். உங்கள் படம் வேறொருவர் பக்கத்தில் இருந்து அது பிடிக்கவில்லை என்றால், போட்டவரிடம் நேரில் கேட்பதே விரைவான வழி. வீட்டில் ஏற்கனவே குழுக்களில் இருப்பவர் ஒருவர், உங்களுக்கு வேண்டிய அறிவித்தல்களைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை ஏற்கட்டும். கூட்டச் செய்தியும் மரணச் செய்தியும் வந்த அன்றே உங்களிடம் சொல்லப்பட வேண்டும் என்பதை அவருடன் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.